நான் பார்த்தபோது நன்றாக இருந்தான்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் ஒரு படம் போட்டார்கள். போர்முனையில் படைவீரர்களோடு ஒரே கூடாரத்தில் தங்கி, அவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டு, அவர்கள் போன இடமெல்லாம் கூடவே போய் செய்தி எழுதிய ஒரு நிருபரைப் பற்றிய படம். எங்கள் வீட்டில் டிவி இல்லை. எதிர் வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் ஒரு பையன், பனிக்குள் நின்று டீ குடித்துக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "இது எப்ப எடுத்தது?" என்று நான் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

"என்ன டீச்சர், உங்க பையனா?" என்றார் எதிர் வீட்டு அம்மாள்.

என் பையன் இல்லை. என் பையனும் அந்த மாதிரி ஒரு பனி எல்லையில்தான் இருக்கிறான், அது உண்மை. ஆனால் நான் கேட்டது அதற்காக மட்டும் இல்லை. சிரித்த அந்தப் பையன் அதற்குப் பிறகு என்ன ஆனான் என்று படத்தில் யாருமே சொல்லவில்லை. படம் முடிந்து, அடுத்து வயலும் வாழ்வும் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு நிருபரின் நினைப்பாகவே இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். கடைசி வீட்டில்தான் அவர் இருந்தார். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபர். தனி ஆள். நாற்பது வயது இருக்கும். பை மாட்டி மாட்டி ஒரு தோள் இறங்கிப்போயிருக்கும். காம்பவுண்டில் எல்லோருக்கும் அவர் 'பேப்பர் அண்ணன்'. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரைப் பற்றிக் கேட்டாலும், கடைசியாகத் தான் பார்த்த நேரத்தோடு நிறுத்திக்கொள்வார். ராமநாதபுரத்தில் இருக்கிற அவருடைய அக்கா சௌக்கியமா என்று கேட்டால், "தீபாவளிக்குப் பாத்தேன். அன்னைக்கு நல்லா இருந்தாங்க" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. வைகையில் வெள்ளம் வந்த வருடம், பாலம் போய்விட்டது என்று ஊரே பேசியபோது, "நாலு மணிக்கு நான் நின்ன வரைக்கும் பாலம் இருந்துச்சு" என்றார். எழுதியதும் அவ்வளவுதான். ஆபீஸில் அதற்காகத் திட்டு வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

என் வீட்டுக்காரருக்கு இது நல்ல விளையாட்டு. ஒருநாள் அண்ணன் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நிற்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"என்னண்ணே, வெளிய மழையா?"

"நான் வரும்போது பெஞ்சுச்சு மாப்ள."

"இப்ப?"

"இப்ப நான் உள்ள நிக்கிறேன்ல."

என் வீட்டுக்காரர் உருண்டு உருண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அவர் சிரிக்கும்போது பார்வை மட்டும் எங்கேயோ போய்விடும்.

நானும் அந்தப் பழக்கத்தை வேடிக்கையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் வந்த பஸ் கவிழ்ந்தது. செய்தி எடுக்கப் போன அண்ணன் அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேராக என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வகுப்பிலிருந்து என்னை வெளியே கூப்பிட்டார்.

"பயப்படாதீங்க டீச்சர். பத்து மணிக்கு மாப்ளயப் பாத்தேன். கை ஒடிஞ்சிருக்கு. பேசுனாரு. பன்னு வேணும்னு கேட்டாரு."

"இப்ப எப்படிண்ணே இருக்காரு?"

"அது தெரியாது."

"உயிருக்கு ஒண்ணும் இல்லைல? ஒண்ணும் இல்லைனு சொல்லுங்கண்ணே."

"பத்து மணிக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்."

ரிக்‌ஷாவில் போகிற வழியெல்லாம் கெஞ்சினேன். ஒரு வார்த்தை. நல்லாத்தான் இருப்பாரு என்று எந்தத் தெருவில் போகிறவனும் சொல்லக்கூடிய ஒரு வார்த்தை. அவர் ரிக்‌ஷாவின் பக்கத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டே வாயைத் திறக்காமல் வந்தார். "நீங்கல்லாம் மனுசனா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து பன்னைத்தான் தின்றுகொண்டிருந்தார். நான் அழுதது முழுக்க அண்ணன் மேல் கோபமாகத்தான் வெளியே வந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் நான் அவரிடம் முகம் கொடுக்கவில்லை.

அவராகத்தான் ஒரு சாயங்காலம் வந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். அண்ணன் நாற்காலியில் உட்காராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

எழுபத்தொன்றாம் வருடச் சண்டையின்போது பத்திரிகை அவரைக் கிழக்கு எல்லைக்கு அனுப்பியிருந்தது. ஒரு படைப்பிரிவோடு கூடவே இருந்தார். சகதிக்குள் வெட்டிய பள்ளத்தில் படுக்கை. அங்கே நம் ஊர்ப் பையன் ஒருவன் இருந்திருக்கிறான். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, காடுகரையை நம்பி வாழ்கிற குடும்பம். மதுரைப் பேச்சைக் கேட்டதும் இவரோடு ஒட்டிக்கொண்டான். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் லீவில் வந்துவிடுவேன், கல்யாணம் ஆகி ஒரு மாசம்கூட வீட்டில் இருக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். ஊர், அப்பா பெயர் எல்லாவற்றையும் போட்டு, அவன் சிரிப்பதையும் திருவிழாவுக்கு வரப்போவதையும் இவர் எழுதிக் கொடுத்தனுப்பினார். அன்று சாயங்காலமே இவரை அரிசி மூட்டை ஏற்றிய லாரியில் வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியும்போது நடந்த தாக்குதலில் அந்தப் பையன் இறந்துபோனான். இவருக்கே அது தெரிந்தது சண்டை நின்ற பிறகுதான்.

"நான் எழுதுனது ராணுவ ஆபீசருங்க படிச்சு, அப்பறம் கல்கத்தா போயி, அங்கருந்து தபால்ல மதுரைக்கு வந்துச்சு டீச்சர். அதுக்கு முந்தியே ஊருக்குத் தந்தி போயிருச்சு. உடம்பு வரல. அங்கயே எரிச்சுட்டாங்க. ஊர்ல அழுது முடிச்சு, அந்தப் பொண்ணு கழுத்துத் தாலியக் கழட்டி வாங்க நாள் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அப்பப் பாத்து டீக்கடையில என் பேப்பர் வந்து விழுந்துச்சு."

தந்தி முன்னால் வந்தது, பேப்பர் பின்னால் வந்தது. பின்னால் வந்ததுதானே புதுச் செய்தி? அந்தத் தாய் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஊரும் ஒத்துக்கொண்டது. தந்தியில் ஆள் மாறியிருக்கும் என்றார்கள். எல்லாச் சடங்கும் அதோடு நின்றது.

இவர் திரும்பி வந்ததும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் அந்த ஊருக்குப் போயிருக்கிறார். அந்த அம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்து, தெருவையே கூட்டி உட்கார வைத்துவிட்டாள். இவர் தபால் தாமதமானதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "செத்ததை நீங்க பாத்தீகளா தம்பி?" என்றாள்.

"இல்லம்மா."

"நீங்க பாத்தப்ப?"

"நான் பாத்தப்ப நல்லா இருந்தான்."

"கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்!" என்றாளாம் தெருவைப் பார்த்து. சிறைபிடித்து வைத்திருப்பார்கள், விட்டுவிடுவார்கள் என்று அவளே காரணமும் கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு?" என்று நான் கேட்டேன்.

"இருக்கு. மாமியாளோட களை எடுக்கப் போகுது. அவங்க ஆளுங்கள்ல அறுத்துக் கட்டுற வழக்கம் இருக்கு. புருசன் செத்துட்டா வேற ஒருத்தனக் கட்டிக்கலாம், யாரும் தப்பாப் பேச மாட்டாங்க. அதோட அண்ணன்காரன் மாப்பிள்ளை பாத்து வச்சிட்டு வருசா வருசம் வந்து கூப்புடுறான். இந்தம்மா விடமாட்டேங்குது. எம்மகன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேங்குது."

"பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேண்ணே. அந்தப் பொண்ணாவது பிழைக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "நான் அன்னைக்கு எழுதுனதுல ஒரு பொய் இல்ல டீச்சர். அதுக்கே இப்படி. பாக்காததப் பாத்தேன்னு வேற சொல்லணுமா? அப்பறம் நான் எதைச் சொன்னாலும் நானே நம்ப மாட்டேன்."

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். போய்விட்டு வந்த அன்று மெஸ்ஸில் சாப்பிட மாட்டார். அங்கே வயிறு முட்டப் போட்டு அனுப்பிவிடுவார்களாம்.

அதற்கு அடுத்த வருடம்தான் பம்பாயிலிருந்து படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். அரசாங்கத்துக்காக எடுக்கும் சிறு படம். கறுப்பு வெள்ளை. சண்டைக்குப் போன நிருபர் என்பதால் இவரைப் பற்றி. காம்பவுண்டில் யாரும் அன்று வேலைக்குப் போகவில்லை. டைரக்டர் அவரைப் பையோடு கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு முன்னால் திரும்பத் திரும்ப நடக்க வைத்தார். இவர் நடந்தால் ரேஷனுக்குப் போவது போலவே இருந்தது. "போர்முனைக்குப் போற மாதிரி நடங்க சார்" என்றார்கள். "அங்க நடக்க எங்க விட்டாங்க? லாரியிலதான் போனேன்" என்றார் இவர். குண்டு மழையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். "நான் இருந்தப்ப நெசமாவே மழைதான் பெஞ்சுச்சு. குண்டுச் சத்தம் தூரத்துல கேட்டுச்சு." டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "அண்ணே, கொஞ்சமாச்சும் வீரமாப் பேசுங்கண்ணே, நம்ம காம்பவுண்டு மானமே போகுது!" என்று கத்தினார்.

படம் தியேட்டருக்கு வந்தபோது எல்லோரும் மேட்னிக்குப் போனோம். பெரிய படத்துக்கு முன்னால் இந்த மாதிரி அரசாங்கப் படம் ஓடும்போது ஜனங்கள் முறுக்கு வாங்க வெளியே போய்விடுவதுதான் வழக்கம். நாங்கள் மட்டும் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தோம். கோபுரத்துக்கு முன்னால் அண்ணன் நடந்ததும் என் பையன் கைதட்டினான். அப்புறம், சண்டை நடந்தபோதே ராணுவத்தின் கேமராக்காரர் யாரோ எடுத்துவைத்திருந்த பழைய காட்சிகள் வந்தன. பள்ளத்துக்குள் சோறு தின்கிறவர்கள். அவர்கள் நடுவில் தாடியோடு அண்ணன். அவர் பக்கத்தில் ஒரு பையன். அவன் ஒரு உருண்டைச் சோற்றை அண்ணன் தட்டில் போட்டுவிட்டு, நேரே எங்களைப் பார்த்துச் சிரித்தான். தாயகம் காக்கும் இந்தச் சிங்கத்தின் முகத்தில் அச்சம் ஏது என்று ஒரு குரல் கணீரென்று சொன்னது. கொட்டகையில் விசில் பறந்தது.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து "ஏய், உக்காருய்யா!" என்றார்கள். அவர் உட்காரவில்லை. வரிசையை மிதித்துக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன்.

மானேஜர் அறையில் அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"இந்தப் படத்த நிறுத்திருங்க. இல்லைன்னா அந்தப் பையன் வர்ற துண்டையாவது வெட்டிருங்க. அவன் செத்துப் பல வருசமாச்சுங்க."

"கவர்மெண்டு படம்ணே. போடலைனா எங்க லைசென்ஸ் போயிரும்" என்றார் மானேஜர். "அதுல நீங்க நல்லாத்தான் இருக்கீங்க, போங்கண்ணே. மொத ஆட்டத்துலயே விசிலு."

அந்த வாரமே அவர் பயந்தது நடந்தது. உரம் வாங்க மதுரைக்கு வந்த அந்த ஊர்க்காரர்கள் யாரோ படம் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, காலை ஆட்டம் பார்த்துவிட்டு, விசாரித்து விசாரித்து மத்தியானம் எங்கள் காம்பவுண்டுக்கே வந்துவிட்டாள். கறுத்து மெலிந்த உடம்பு. காதில் தண்டட்டி. முகம் அப்படிப் பூத்திருந்தது. மருமகளுக்கு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். கழுத்தில் தாலி கிடந்தது. அண்ணன் வீடு பூட்டியிருந்ததால், அன்று லீவில் இருந்த நான்தான் இருவரையும் உட்கார வைத்து மோர் கொடுத்தேன்.

"தாயி, எம்மகன் சினிமாவுல வாரான், பாத்தியா? நல்லா சதை போட்ருக்கான். அங்க அம்புட்டுச் சோறு போடுறாக போல" என்றாள். மருமகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வந்தார். இருவரையும் பார்த்ததும் சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட அவரால் முடியவில்லை. சுவரில் சாய்த்தார்.

"தம்பி, படம் பிடிச்சவுகளுக்கு அவன் இருக்க இடம் தெரியும்ல? கேட்டுச் சொல்லுங்க. நான் எம்புட்டு தூரமா இருந்தாலும் போயிருவேன். இந்தா இவ அண்ணன்காரன் வெள்ளிக்கிழமை கூப்புட வாரானாம். வரட்டும். சினிமாவப் போயிப் பாருடாங்குறேன்."

"அம்மா, அது பழைய படம்மா. சண்டை நடந்தப்ப எடுத்தது."

"இப்பத்தான ஓடுது?"

"இப்ப ஓடுது. எடுத்தது அப்ப."

"உங்களத் தாடி இல்லாமயும் காட்டுறாக. கோபுரத்துக்கிட்ட நடக்குறீக. அது இப்ப எடுத்ததுதான? அதுக்குப் பின்னாடிதான எம்மகன் வாரான்!"

படத்தில் முதலில் வந்தது இப்போதைய அண்ணன். அதற்கு அப்புறம் வந்தவன் மகன். மறுபடியும் அதே வரிசை.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். அவள் குரலை நாங்கள் கேட்டது அந்த ஒருமுறைதான். "அண்ணே, நான் இருக்கவா, போகவா? அதை மட்டும் சொல்லுங்க."

மாமியார் அவளை முறைத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "செத்தான்னு சொல்ல வாரீகளா? நீங்கதான் பாக்கலைல?"

"பாத்தேன்ம்மா" என்றார் அவர்.

அந்த அம்மாளின் கை காற்றில் அப்படியே நின்றது.

"நான் அன்னைக்கு வேற இடத்துக்குப் போகல. கூடத்தான் இருந்தேன். உங்ககிட்டச் சொல்லத் தெம்பில்லாம மறைச்சுட்டேன்."

அரிசி லாரியில் ஏறி அவர் முந்தின நாளே போய்விட்டது இந்தக் காம்பவுண்டில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

அந்த அம்மாள் கேட்க ஆரம்பித்தாள். சும்மா கேட்கவில்லை, போலீஸ்காரர் கேட்பது மாதிரி கேட்டாள். எங்கே அடி? நெஞ்சில். உடனேயா? கொஞ்ச நேரம் இருந்தான். தண்ணி கேட்டானா? கேட்டான், என் குவளையிலிருந்து நானே கொடுத்தேன். தலை எந்தப் பக்கம் கிடந்தது? தெற்கே. கண்ணை யார் மூடினது? நான். கொள்ளி? கூட இருந்த பையன்கள் வைத்தார்கள், நானும் ஒரு குச்சி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் கொஞ்சம் யோசித்து, ஒரு செய்தியை எழுதிக் கொடுப்பது போல நிறுத்திச் சொன்னார்.

"என்னையத் தேடுனானா தம்பி?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன்.

"பேச முடியலம்மா அவனால" என்றார்.

அந்தப் பதிலில்தான் அவள் உடைந்தாள். அதுவரை சண்டைக்கு நிற்பது போல நிமிர்ந்திருந்த உடம்பு அப்படியே இறங்கிப்போனது. ஆனால் சத்தம் வரவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் உட்கார்ந்து சாவுக்கு அழக்கூடாது என்று முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். போய்விட்டு வருகிறேன் என்று சாவு சேதியோடு கிளம்புகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். அவளும் சொல்லவில்லை. இருவரும் சந்து முனை வரை நடந்தார்கள். பெரிய தெருவில் காலை வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. என் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம் அது. ஓடி வந்து என் சேலையைக் கட்டிக்கொண்டான். அவன் அப்போது இரண்டாம் வகுப்பு.

இன்று என் மகனோடு அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நல்லாத்தான் இருப்பான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதிர் வீட்டு அம்மாள் சொல்கிறார், தபால்காரர் சொல்கிறார், என் வீட்டுக்காரர் தினமும் சொல்கிறார். யாரும் அவனைப் பார்த்தவர்கள் இல்லை.

அந்தப் பெண்ணை அண்ணன்காரன் கூட்டிப்போய், மறு வருடம் உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தான் என்று கேள்விப்பட்டேன். அந்த அம்மாளே கூட நின்று அனுப்பிவைத்தாளாம். பேப்பர் அண்ணன் கொஞ்ச நாளில் நிருபர் வேலையை விட்டுவிட்டு, அதே ஆபீஸில் விளம்பரப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு வீட்டையும் காலி செய்தார். போகும்போது எங்களிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த மத்தியானத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அழுகைச் சத்தம் தூரமாகப் போய்த் தேயும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து என் ஜன்னலில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். முற்றத்து அடிபம்புக்கு அடியில் போய், சட்டை வேட்டியோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுடுகாட்டிலிருந்து திரும்புகிற ஆண்கள் வீட்டுக்குள் காலை வைப்பதற்கு முன் உட்காருவது போல.

"டீச்சர், கொஞ்சம் அடிச்சு விடுங்க" என்றார்.

என் பையனை நடைப்படியில் உட்கார வைத்துவிட்டுப் போய் பம்பைப் பிடித்தேன். தண்ணீர் அவர் தலையில் விழுந்து முகத்தில் வழிந்தது. நல்ல வெயில். ஆனாலும் அவர் நடுங்கினார். போதும் என்று அவர் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.